மாத்திரை கொடுக்கும்போது என்ன சொல்லிக் கொடுப்பது

பிரஷர், சுகர், கொழுப்பு என்று மாதாமாதம் மாத்திரை வாங்கும் வீடுகளில், வாங்கிய மாத்திரை டப்பாவிலேயே தங்கிப்போவதற்கு அடிக்கடி காதில் விழும் காரணம் "எனக்கு இது ஒத்துக்கல" என்பதுதான். சில சமயம் அது மாத்திரை செய்த வேலை. பல சமயம் மாத்திரையைப் பற்றிக் கேள்விப்பட்டது செய்த வேலை. இரண்டிலும் வலி நிஜம், யாரும் நடிக்கவில்லை. கெடுதல் வரும் என்று எதிர்பார்ப்பதாலேயே உடம்பில் தொந்தரவு வருவதை நோசிபோ என்கிறார்கள். குணமாகும் என்று எதிர்பார்ப்பதால் கிடைக்கும் நிவாரணம் பிளாசிபோ. அப்பத்தாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும், மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போகிறவர்களுக்கும், மருந்துக் கடையில் நிற்பவர்களுக்கும் இந்தக் குறிப்பு.

எதிர்பார்ப்புக்கு எவ்வளவு பலம் என்பதை லண்டன் இம்பீரியல் கல்லூரியின் சாம்சன் ஆய்வு அளந்து காட்டியது. முடிவு வெளியானது 2020-ல். கொழுப்புக்கான ஸ்டாட்டின் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிட்ட 60 பேரை எடுத்துக்கொண்டார்கள். 12 மாதத்தில் 4 மாதம் ஸ்டாட்டின், 4 மாதம் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை, 4 மாதம் எதுவும் இல்லை. மாத்திரை மாதங்களில், விழுங்குவது எது என்று அவர்களுக்குத் தெரியாது. தினமும் தொந்தரவுக்கு 100-க்கு மார்க் போட்டார்கள். மாத்திரையே இல்லாத மாதங்களில் சராசரி 8. வெற்று மாத்திரைக்கு 15.4. ஸ்டாட்டினுக்கு 16.3. மாத்திரை விழுங்கியதால் கூடிய தொந்தரவில் 90 சதவீதம் வெற்று மாத்திரையிலும் வந்துவிட்டது. தங்கள் கணக்கைத் தாங்களே பார்த்த பிறகு அவர்களில் பாதிப் பேர் திரும்பவும் மருந்தைத் தொடங்கினார்கள்.

இதில் பலரும் கவனிக்காமல் விடுவது அந்த 8. எதுவும் சாப்பிடாத மாதத்திலும் மனுஷனுக்கு ஏதோ ஒரு வலி இருக்கத்தான் செய்கிறது. அதை முன்கூட்டியே குறித்து வைக்காவிட்டால் பழி முழுவதும் புது மாத்திரை மேல் விழும்.

ஆகவே முதல் வேலை, மாத்திரை தொடங்கும் முன் ஒரு வாரக் கணக்கு. உடனே தொடங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தால் காத்திருக்க வேண்டாம். அன்று சாயங்காலமே, போன வாரம் உடம்புக்கு என்னென்ன இருந்தது என்று கேட்டு எழுதிவிடுங்கள். மாதக் காலண்டரின் கட்டத்துக்குள் தினமும் ஒரே நேரத்தில், இரவுச் சாப்பாட்டுக்கு முன் என்று வைத்துக்கொள்ளலாம், தொந்தரவுக்கு 0 முதல் 10 வரை ஒரு எண்; 0 என்றால் எதுவும் இல்லை. பக்கத்தில் அன்றைக்குச் செய்த வேலையை இரண்டு சொல்லில்: "மல்லி பறிச்சது", "நாத்து நட்டது", "தூக்கமில்ல". இந்த இரண்டு சொல்தான் பின்னால் காப்பாற்றும். எதிர்சேவை பார்த்து, விடியவிடிய நின்று, அழகர் ஆற்றில் இறங்கியதையும் பார்த்துவிட்டு வந்தவருக்கு மறுநாள் கெண்டைக்கால் வலிக்காமல் என்ன செய்யும்? அந்த வாரம்தான் அட்டார்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் மாத்திரை தொடங்கியிருந்தால் சந்தேகம் மாத்திரை மேல்தான் போகும்.

எண்ணைக் கேட்கும் விதத்தில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம். "கால் வலிக்குதா, தல சுத்துதா, வயித்தப் பெரட்டுதா" என்று அடுக்கிக் கேட்டால் ஒவ்வொன்றையும் உடம்பில் தேடச் சொல்கிறோம் என்று அர்த்தம். தேடினால் ஏதாவது ஒன்று அகப்படும். "இன்னைக்கு உடம்பு எப்படி இருந்துச்சு?" என்று மட்டும் கேளுங்கள்.

அடுத்தது பக்கவிளைவைச் சொல்லும் முறை. இத்தாலியில் ஆண்களின் புராஸ்டேட் வீக்கத்துக்கு பினாஸ்டரைடு 5 மி.கி. கொடுத்த ஆய்வு ஒன்று 2007-ல் வந்தது. ஆண்மைக் குறைவு வரலாம் என்று சொல்லிக் கொடுத்தவர்களில் 43.6 சதவீதம் பேருக்கு அந்தத் தொந்தரவு வந்தது. சொல்லாமல் கொடுத்தவர்களில் 15.3 சதவீதம். மருந்து ஒன்று, அளவும் ஒன்று.

அதற்காக மறைக்கலாமா? கூடவே கூடாது. எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரியாதவர் ஆபத்தையும் சொல்லாமல் விட்டுவிடுவார். உண்மையை முழுதாகச் சொல்ல வேண்டும். தொந்தரவு வராதவர்களின் பெரிய எண்ணிலிருந்து தொடங்க வேண்டும். வந்தால் என்ன வழி என்பதோடு முடிக்க வேண்டும். பிரஷருக்கான அம்லோடிபினை எடுத்துக்கொள்வோம். 5 மி.கி.யில் 100-க்கு 3 பேருக்கும், 10 மி.கி.யில் 11 பேருக்கும் கால் வீங்கியது. வெற்று மாத்திரையில் ஒருவருக்கும் குறைவு. அளவு கூடக்கூட வீக்கமும் கூடுவதால் இது மருந்தின் நிஜ விளைவு. 5 மி.கி. கொடுக்கும்போது இதையே இப்படிச் சொல்லலாம்: "அப்பத்தா, இது பிரஷரைக் கொறைக்கிற மாத்திரை. நூறு பேருல தொண்ணூத்தேழு பேருக்குக் காலு ஒண்ணும் பண்ணாது. ஒனக்குக் கணுக்கால் வீங்குச்சுன்னா எங்கிட்டச் சொல்லு, டாக்டர் வேற மாத்திரை மாத்திக் குடுப்பாரு." போனைத் திறந்து பக்கவிளைவுப் பட்டியலை அவர் முன்னால் உரக்கப் படிப்பது இதற்கு நேர் எதிர்.

ஊசி போடுபவர்களுக்கும் இது பொருந்தும். 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், பிரசவத்துக்கு முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்ட 140 பெண்களில் ஒரு பாதியிடம் "பெரிய தேனீ கொட்டின மாதிரி இருக்கும், இதுதான் ரொம்பக் கஷ்டமான கட்டம்" என்றார்கள். மறுபாதியிடம் "இந்த இடம் மரத்துப்போகும், அப்புறம் வசதியாக இருக்கும்" என்றார்கள். வலிக்கு 10-க்குப் போட்ட மார்க்கில் முதல் பாதி 5, இரண்டாம் பாதி 3. நம் ஊர் "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்மா"வையும் விட்டுவிடுவது நல்லது.

மாத்திரையின் நிறமோ கம்பெனியோ மாறும் மாதம்தான் அதிகச் சிக்கல் வரும். போன மாதம் வெள்ளை, இந்த மாதம் ரோஸ். "கவர்மெண்ட் மாத்திரையில வீரியம் இல்ல" என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வார்த்தை போட்டிருப்பார். பழைய அட்டையைத் தூக்கி எறியாதீர்கள். புதியதையும் பழையதையும் பக்கத்தில் வைத்து மருந்தின் பெயரும் மி.கி.யும் ஒன்றா என்று பாருங்கள். கம்பெனி பெயர் வேறாக இருக்கலாம், அது பரவாயில்லை. ஒன்றாக இருந்தால், முதல் மாத்திரையை விழுங்கும் முன்பே காட்டிச் சொல்லிவிடுங்கள். சந்தேகம் வந்தபின் சொல்லும் விளக்கம் சமாதானமாகத்தான் கேட்கும். இரண்டு வாரம் கழித்து பிரஷர் பாருங்கள்: 5 நிமிடம் முதுகு சாய்ந்து உட்கார்ந்து, கை நெஞ்சு உயரத்தில், பேசாமல், அரை மணி நேரத்துக்குள் காப்பி, புகையிலை இல்லாமல், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. வீட்டில் சராசரி 135/85-க்குக் கீழே இருந்தால் மாத்திரை வேலை செய்கிறது.

தொந்தரவு வந்துவிட்டால் தானாக நிறுத்த வேண்டாம். மாத்திரைக்கு முந்தைய வாரக் கட்டங்களில் அதே தொந்தரவு இருந்ததா, மாத்திரை தொடங்கி எத்தனை நாளில் வந்தது, அளவு கூட்டியபோது கூடியதா என்று பார்த்து, காலண்டர் தாளோடு டாக்டரிடம் போங்கள். சில நாள் நிறுத்தி, தேதி குறித்து மறுபடி தொடங்கிப் பார்க்கலாமா என்று கேளுங்கள். பெரும்பாலான சந்தேகம் அதில் தீர்ந்துவிடும்.

காலண்டருக்காகக் காத்திருக்கக் கூடாதவையும் உண்டு. ஸ்டாட்டின் சாப்பிடுபவருக்குக் கடுமையான தசைவலியோடு சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போவது. பிரஷருக்கான எனலாப்ரிலில் உதடு, நாக்கு வீங்குவது. ஆஸ்பிரினில் கறுப்பாக மலம் போவது. சுகருக்கு கிளிமிபிரைடு, இன்சுலின் எடுப்பவருக்குச் சுகர் ரொம்ப இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறுவது. நினைவோடு விழுங்க முடிகிறவரானால் உடனே சர்க்கரைத் தண்ணீர். "எல்லாம் மனசுதான்" என்ற வார்த்தையை இந்த நேரத்தில் மட்டுமல்ல, எந்த நேரத்திலும் சொல்லாதீர்கள். அப்படிக் கேட்டவர் அடுத்த தடவை வாயே திறக்க மாட்டார்.

நல்ல எதிர்பார்ப்பைப் பயன்படுத்துவதும் இதே கைதான். இத்தாலியின் தூரினில் பாப்ரிசியோ பெனடெட்டி குழு, ஒரே வலி மருந்தை நோயாளிக்குத் தெரியாமல் மிஷின் மூலமும், எதிரில் நின்று சொல்லியும் கொடுத்துப் பார்த்தது. தெரியாமல் கொடுத்தபோது அதே நிவாரணத்துக்கு அதிக மருந்து தேவைப்பட்டது. கைராசி டாக்டர் என்று நாம் சொல்வதில் ஒரு பங்கு இங்கே இருக்கிறது. தூங்கி வழிபவர் வாயில் பாராசிட்டமாலைத் திணிக்காமல், "இது வலிக்கு, இன்னும் அரை மணி, முக்கால் மணியில கொறையும்" என்று சொல்லிக் கொடுங்கள்.

ஆனால் எதிர்பார்ப்பு தொடுவது வலி, குமட்டல், அசதி போன்ற உணர்வுகளைத்தான். 2011-ல் வெளியான ஆஸ்துமா ஆய்வில் நிஜ இன்ஹேலர் மூச்சுத் திறனை 20 சதவீதம் கூட்டியது. வெற்று இன்ஹேலர் 7 சதவீதம்தான், சும்மா இருந்தாலும் அதே 7. ஆனால் இரண்டு இன்ஹேலருக்கும் "நல்லா இருக்கு" என்றவர்கள் ஏறக்குறைய சமம். மூச்சுக்குழல் திறக்காமலே திறந்ததாகத் தோன்றுவது ஆபத்து. மூச்சுக்கும் சுகருக்கும் வாய்ச்சொல்லை நம்பாமல் அளந்து பாருங்கள்.

பாம்புக்கடியில் இது உயிர்ப் பிரச்சினை. விஷமில்லாத பாம்பு கடித்தாலும் பயத்தில் வியர்க்கும், படபடக்கும், கை மரக்கும். மந்திரித்ததும் அது அடங்கும். பெயர் மந்திரத்துக்குப் போகும். நிஜ விஷத்தையும் பயத்தையும் வீட்டில் பிரித்தறிய முடியாது. ஆஸ்பத்திரியில் 2 மில்லி ரத்தத்தைக் காய்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்ப்பார்கள். உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன் போன்றவற்றின் விஷம் ஏறியிருக்கிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன் விஷத்தில் ரத்தம் உறைந்துவிடும், ஆனால் இமை தொங்கும். அதனால்தான் ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்க்கிறார்கள். கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டியது: "இதுக்கு மருந்து இருக்கு, வண்டி வந்துக்கிட்டிருக்கு, கால அசைக்காம இரு."