ஊர் அறக்கட்டளையின் கதவைத் தட்டும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் கிளீவ்லாந்து என்ற பெயரைக் கேட்டாலே நம்மில் பலருக்குத் தியாகராஜ ஆராதனைதான் நினைவுக்கு வரும். 1978இல் தொடங்கிய விழா அது. பல ஆண்டுகளாக அது நடந்துவரும் கிளீவ்லாந்து ஸ்டேட் பல்கலைக்கழகம் யூக்ளிட் அவென்யூவில் இருக்கிறது. அதே சாலையில் கிழக்கே கொஞ்ச தூரம் போனால் 6601ஆம் எண் கட்டடம் வரும். அது கிளீவ்லாந்து ஃபவுண்டேஷனின் அலுவலகம். 2023இல் இங்கே குடிவந்தார்கள். கச்சேரிக்கு வருகிறவர்கள் அதைக் கவனித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் 1914 ஜனவரியில் தொடங்கிய அந்த அமைப்புதான் உலகின் முதல் சமூக அறக்கட்டளை: ஒரு பகுதி மக்கள் பலர் தரும் கொடைகளைச் சேர்த்து முதலீடு செய்து, அந்தப் பகுதியின் தேவைகளுக்குக் கொடுக்கும் அமைப்பு. இன்று அமெரிக்காவில் மட்டும் இப்படி 700க்கும் மேற்பட்டவை இருக்கின்றன. அங்கே நீங்கள் எந்த ஊரில் வசித்தாலும் அநேகமாக உங்கள் பகுதிக்கும் ஒன்று இருக்கும்.

தமிழ்ப் பள்ளி, முதியோர் குழு, உணவு வங்கித் தொண்டு என்று அமெரிக்காவில் வாழும் நம்மவர்கள் ஓடியாடிச் செய்யும் வேலைகள் ஏராளம். கைக்காசு போடுவார்கள், நண்பர்களிடம் வசூலிப்பார்கள். தங்கள் ஊர் அறக்கட்டளையிடம் போய்க் கேட்பவர்கள் குறைவு. கேட்டவர்களிலும் பலர் முதல் மறுப்போடு ஒதுங்கிவிடுகிறார்கள். விண்ணப்பம் எழுதச் சிலருக்கு உதவியிருக்கிறேன். நான் பார்த்தவரை, நல்ல வேலை செய்கிறவர்களே மறுக்கப்படுகிறார்கள். அந்த அமைப்பு எப்படி இயங்குகிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருப்பதில்லை.

"அவர்களிடம்தான் கோடிக்கணக்கில் இருக்கிறதே!"

முதல் தவறு இது. அறக்கட்டளையின் ஆண்டறிக்கையில் சொத்து மதிப்பைப் பார்த்துவிட்டு, அத்தனையும் இந்த ஆண்டே கொடுப்பதற்கான பணம் என்று நினைப்பது.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை அறிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகளை ஒப்படைப்பார்கள். பொறுப்பேற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடு போனாலும் குட்டி வந்து சேரும், மந்தை குறையாது. அதனால் அவற்றுக்கு "சாவா மூவாப் பேராடு" என்று பெயர். சமூக அறக்கட்டளையின் மூலநிதியும் அப்படிப்பட்ட மந்தைதான். முதல் தொகையை முதலீட்டில் வைத்துவிட்டு, பல ஆண்டுகளின் சராசரி மதிப்பில் பெரும்பாலும் 4 முதல் 5 சதவீதத்தை மட்டும் ஆண்டுதோறும் செலவழிப்பார்கள். 1,00,000 டாலர் நிதி என்றால் ஆண்டுக்குக் கிடைப்பது 4,000 அல்லது 5,000 டாலர்.

அந்த நெய்யிலும் பெரும்பகுதி எந்த விளக்குக்கு என்று முன்பே முடிவாகியிருக்கும். ஒருவர் நூலகத்துக்கென்று எழுதிவைத்திருப்பார், இன்னொருவர் செவிலியர் படிப்புக்கு. வேறொரு பகுதி 'டோனர் அட்வைஸ்டு ஃபண்ட்' என்ற கணக்குகளில் கிடக்கும். அதில் பணம் போட்டவர் பரிந்துரைக்கும் அமைப்புக்கே பெரும்பாலும் அது போகும். பொதுத் தேவைக்கென்று நிர்வாகக் குழு சுயமாக முடிவெடுக்கக்கூடிய பங்கு எதிர்பார்ப்பதைவிடச் சிறியது. உங்கள் விண்ணப்பம் போட்டியிடுவது அந்தச் சிறிய பங்குக்காக. ஆகவே முதல் தொலைபேசி அழைப்பிலேயே, "எங்கள் வேலைக்கு எந்த நிதி பொருந்தும்?" என்று கேளுங்கள். "எவ்வளவு தருவீர்கள்?" என்பது அதற்குப் பிறகு.

எல்லைக்கு வெளியே நின்று கேட்பது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிளீவ்லாந்து ஃபவுண்டேஷன் குயஹோகா, லேக், ஜியாகா ஆகிய மூன்று கவுண்டிகளுக்கானது (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது). சோலன் குயஹோகாவில் இருக்கிறது. ஹட்சன் ஊர் இருப்பது சம்மிட் கவுண்டியில், அதற்கு ஆக்ரன் பக்கத்து அறக்கட்டளை. ஏவன் இருப்பது லொரைன் கவுண்டியில், அங்கே வேறொன்று. நமக்கு எல்லாமே "கிளீவ்லாந்து பக்கம்"தான், அவர்களுக்கு அப்படி இல்லை. உங்கள் சங்கத்தின் முகவரி எங்கே என்பதைவிட, உதவி பெறுகிறவர்கள் எந்தக் கவுண்டியில் வசிக்கிறார்கள் என்பதையே பெரும்பாலும் பார்ப்பார்கள்.

தொண்டு அமைப்புகள் வழுக்கும் இடங்கள்

மனம் வலிக்கும் தவறு ஒன்று உண்டு. ஆண்டு வரவு வழக்கமாக 50,000 டாலரோ அதற்குக் குறைவோ உள்ள சிறிய அமைப்புகள் ஆண்டுதோறும் '990-என்' என்ற மின் அஞ்சலட்டையை அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.ஸுக்கு அனுப்ப வேண்டும். சில வரிகள்தான், பத்து நிமிட வேலை. தொடர்ந்து 3 ஆண்டுகள் அனுப்பாவிட்டால் தொண்டு அமைப்புகளுக்கான 501(சி)(3) வரிவிலக்கு தானாகவே ரத்தாகிவிடும். தலைவர் மாறுவார், பொருளாளர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்வார், கடவுச்சொல் அவர் மடிக்கணினியோடு போய்விடும். பதினைந்து வருடம் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்த பள்ளி, விண்ணப்பிக்கும் நாளில்தான் தன் தகுதி போய்விட்டதை அறியும். அறக்கட்டளை அலுவலர் முதலில் பார்ப்பதே ஐ.ஆர்.எஸ். இணையத் தேடலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்பதைத்தான். அவருக்கு முன் நீங்கள் பாருங்கள். இன்றைக்கே பாருங்கள்.

பதிவே இல்லாத புதிய குழுவாக இருந்தால் அவசரப்பட்டு ஒரு அமைப்பைத் தொடங்க வேண்டியதில்லை. ஏற்கெனவே பதிவுள்ள தொண்டு நிறுவனம் ஒன்று உங்களுக்காகப் பணத்தைப் பெற்றுக் கணக்கு வைக்கும் 'ஃபிஸ்கல் ஸ்பான்சர்' ஏற்பாடு இருக்கிறது. ஒரு சிறு பங்கைக் கட்டணமாக எடுத்துக்கொள்வார்கள். ஓரிரண்டு ஆண்டுகள் அப்படி ஓட்டிப் பார்த்துவிட்டு, வேலை நிலைத்தால் பதிவு செய்வது நல்லது.

அடுத்தது விண்ணப்பத்தின் உள்ளடக்கம். நம்மவர் எழுத்தில் சங்கத்தின் பெருமை முதல் இரண்டு பக்கங்களை அடைத்துக்கொள்ளும்: எந்த ஆண்டு தொடங்கினோம், பொங்கல் விழாவுக்கு யார் யார் வந்தார்கள். படிக்கிறவர் தேடுவது வேறு. இந்தப் பணத்தால் இந்த ஊரில் யாருக்கு, என்ன மாறும்? "மூத்தோருக்கு உதவுகிறோம்" என்பதைவிட, "ஆங்கிலம் பேசவராத 22 பெரியவர்களை மாதம் இருமுறை மருத்துவரிடம் அழைத்துச் சென்று மொழிபெயர்த்துச் சொல்கிறோம்" என்பது பல மடங்கு வலுவானது. அப்படி எழுத முடியாவிட்டால், குறை எழுத்தில் மட்டும் இல்லை. அந்த எண்ணிக்கையை நீங்கள் இன்னும் குறித்துவைக்கத் தொடங்கவில்லை என்று பொருள்.

நிர்வாகச் செலவை மறைப்பதும் வழக்கமாகிவிட்டது. வாடகை, காப்பீடு, கணக்காளர் கட்டணம் எதையும் காட்டாமல், "எல்லாம் தன்னார்வலர்கள்தான்" என்று எழுதினால் தியாகம் தெரியும் என்று நினைக்கிறோம். எனக்குத் தெரிந்து அது ஐயத்தைத்தான் கிளப்புகிறது. கட்டடத்துக்கு வாடகை கொடுக்காமல் ஒரு அமைப்பு எப்படி நடக்கும் என்று எந்த அலுவலரும் யோசிப்பார். உண்மையான செலவை எழுதுங்கள். தன்னார்வலர் உழைப்பைத் தனி வரியாக மணிக்கணக்கில் காட்டுங்கள்.

பணம் வந்த பிறகும் தவறுகள் முடிவதில்லை. கணினி வாங்கத் தந்த பணத்தில், "தேவை அதுதானே" என்று நல்லெண்ணத்தோடு நாற்காலி வாங்கிவிடுவார்கள். ஒரு மின்னஞ்சல் அனுப்பி அனுமதி கேட்டிருந்தால் பெரும்பாலும் கிடைத்திருக்கும். கேட்காமல் மாற்றினால் அடுத்த முறை கதவு திறக்காது. நிறைவு அறிக்கையைத் தாமதிப்பதும் அப்படித்தான். திட்டம் எதிர்பார்த்தபடி நடக்கவில்லையென்றால் அதையும் நேரே எழுதுங்கள்.

கொஞ்சம் சேமிப்புள்ள அமைப்புகளுக்கு ஓர் எச்சரிக்கை. உங்கள் சேமிப்பையே அறக்கட்டளையில் மூலநிதியாக வைத்து முதலீடு செய்யச் சொல்லலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பல இடங்களில் முதலைத் திரும்ப எடுக்க முடியாது, அல்லது மிகக் கடினம். ஆறு மாத வாடகைக்கு வைத்திருக்கும் அவசரப் பணத்தை அதில் போடாதீர்கள்.

கொடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

நம்மவர்களில் டோனர் அட்வைஸ்டு ஃபண்ட் வைத்திருப்பவர்கள் பலர். அதில் போட்ட பணத்துக்கு வரிக்கழிவு வாங்கிய கணமே அது உங்கள் பணம் அல்ல. பரிந்துரை செய்யலாம், முடிவு அறக்கட்டளையுடையது. இதை மறந்து சிலர் விருந்து நிகழ்ச்சியின் நுழைவுச்சீட்டை அந்தக் கணக்கிலிருந்து வாங்கப் பார்க்கிறார்கள். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டச் சொல்கிறார்கள். கொடுத்தவருக்கு நன்மை திரும்பிவந்தால், அந்த நன்மையின் மதிப்பில் 125 சதவீதம் வரியாக விதிக்கச் சட்டம் இருக்கிறது. தனிமனிதருக்கும் அதிலிருந்து கொடுக்க முடியாது. அக்கா மகனின் கல்லூரிச் செலவை உங்கள் சட்டைப்பையிலிருந்துதான் கொடுக்க வேண்டும்.

விலை ஏறிய பங்குகளை விற்று, லாபத்துக்கு வரி கட்டி, மிச்சத்தைக் கொடுப்பது இன்னொரு வீண் செலவு. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கை அப்படியே அறக்கட்டளையின் பெயருக்கு மாற்றிவிடலாம். எழுபதரை வயது கடந்தவர்கள் ஐ.ஆர்.ஏ. ஓய்வூதியக் கணக்கிலிருந்து நேரடியாகக் கொடுக்கும் வசதி உண்டு. அது மட்டும் டோனர் அட்வைஸ்டு ஃபண்டுக்குள் போகாது, அறக்கட்டளையின் பிற நிதிகளுக்குப் போகும்.

சொந்த ஊருக்கு அனுப்ப நினைப்பவர்கள் இரண்டு பக்கச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து அயல்நாட்டு அமைப்புக்குக் கொடுக்க அறக்கட்டளை கூடுதல் சரிபார்ப்பு செய்யும், எல்லா அறக்கட்டளைகளும் அதற்கு முன்வருவதில்லை. இந்தியாவில் பெறுகிற அமைப்புக்கு, வெளிநாட்டுக் கொடை வாங்க அனுமதிக்கும் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு வேண்டும். 2021 முதல் டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் தொடங்கிய கணக்கில்தான் அந்தப் பணத்தை வாங்க முடியும். 2020இன் திருத்தத்துக்குப் பிறகு, ஒரு அமைப்பு வாங்கி இன்னொன்றுக்குப் பிரித்துக் கொடுக்கவும் கூடாது. "பெரிய டிரஸ்டுக்கு அனுப்பினால் அவர்கள் நம் கிராமத்துப் பள்ளிக்குக் கொடுத்துவிடுவார்கள்" என்ற பழைய வழி அடைபட்டுவிட்டது.

உயில் எழுதுகிறவர்களுக்குச் சொல்ல இரண்டு கதைகள் உண்டு. செயின்ட் லூயிஸ் நகரின் முன்னாள் மேயர் பிரையன் முல்லன்ஃபி 1851இல் இறந்தபோது, மேற்கே குடியேறப் போகும் வழியில் அந்நகருக்கு வரும் ஏழைகளின் உதவிக்குச் சொத்தில் ஒரு பங்கை எழுதிவைத்திருந்தார். காலம் மாறியது, மாட்டு வண்டியில் மேற்கே போகிறவர்கள் இல்லாமல் போனார்கள், பணம் மட்டும் இருந்தது. கிளீவ்லாந்து ஃபவுண்டேஷனைத் தொடங்கிய வங்கியாளர் ஃபிரெடரிக் கோஃப் உறுத்தலாக உணர்ந்தது இந்த வகைச் சிக்கலைத்தான். ஒரு நோக்கம் வழக்கொழிந்தால், ஊர்ப் பிரதிநிதிகளின் குழு அந்தப் பணத்தை அதற்கு நெருக்கமான வேறு தேவைக்குத் திருப்பலாம் என்ற அதிகாரத்தை அவர் அமைப்பின் அடித்தளத்திலேயே வைத்தார்.

மற்றது கலிஃபோர்னியாவில் நடந்தது. 1975இல் இறந்த பெரில் பக் தன் சொத்தை மரின் கவுண்டியில் உள்ள ஏழைகளுக்கும் அங்குள்ள அறப்பணிகளுக்கும் என்று எழுதி, நிர்வாகத்தை சான் பிரான்சிஸ்கோ ஃபவுண்டேஷனிடம் விட்டார். அப்போது அதன் மதிப்பு சுமார் 1 கோடி டாலர், பெல்ரிட்ஜ் எண்ணெய் நிறுவனப் பங்குகள். 1979இல் ஷெல் அந்த நிறுவனத்தை வாங்கவும் மதிப்பு 25 கோடிக்கு மேல் எகிறியது. மரின் கவுண்டியோ நாட்டின் செல்வம் மிகுந்த கவுண்டிகளில் ஒன்று. பக்கத்திலேயே வறுமையுள்ள பகுதிகள் இருக்க, எல்லைக்கு வெளியேயும் செலவழிக்க அனுமதி கேட்டு அறக்கட்டளை 1984இல் நீதிமன்றம் போனது. கடும் வழக்குக்குப் பிறகு 1986இல் அது பொறுப்பிலிருந்து விலக நேர்ந்தது. அந்தப் பணத்துக்கென்றே மரின் கம்யூனிட்டி ஃபவுண்டேஷன் பிறந்தது. பக் அம்மையார் செய்ததைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, தன் ஊரை நேசித்தார். ஆனால் உங்கள் உயிலில் "இயன்றவரை" என்று தொடங்கும் ஒரு வரியும், அது இயலாதபோது என்ன செய்யலாம் என்ற இன்னொரு வரியும் இருந்தால், பின்னால் வருகிறவர்கள் நீதிமன்றப் படியேற வேண்டியிராது.

வசிப்பவர்கள் நேரடியாகப் போய் நிற்பது

வேலை போயிற்று, வாடகை கட்ட முடியவில்லை என்று அறக்கட்டளை வாசலில் நிற்பவர்கள் உண்டு. பெரும்பாலான அறக்கட்டளைகள் தனிமனிதருக்கு நேரடியாகப் பணம் தருவதில்லை. அந்த உதவியைச் செய்யும் அமைப்புகளுக்குத்தான் தருகின்றன. அவசரத்தில் இருப்பவர் தொலைபேசியில் 2-1-1 அழுத்தி, அருகில் யார் உதவுகிறார்கள் என்று கேட்பது விரைவான வழி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கல்வி உதவித்தொகை மட்டும் விதிவிலக்கு. ஊர் அறக்கட்டளையில் ஒரே விண்ணப்பத்தில் பல உதவித்தொகைகளுக்குப் போட்டியிட முடிவது பெரிய வசதி. தேசிய அளவில் ஆயிரக்கணக்கானோர் மோதும் போட்டிகளையே துரத்தும் பெற்றோர், தங்கள் கவுண்டிப் பிள்ளைகளுக்கு மட்டுமே ஒதுக்கிய இந்தப் பணத்தை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. கிடைத்த பிறகு ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தத் தொகை வந்ததும் கல்லூரி தன் உதவியைக் குறைக்குமா?

சிறிய தொகைகளை அலட்சியம் செய்வதும் தவறுதான். கிளீவ்லாந்து ஃபவுண்டேஷன் 2003இல் தொடங்கிய நெய்பர்ஹுட் கனெக்ஷன்ஸ் திட்டத்தில் 500 முதல் 5,000 டாலர் வரை தெருவாசிகளின் குழுக்களுக்கே கொடுத்துவந்தார்கள். தோட்டம் போட, கோடையில் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்த, தெருமுனையில் விழா எடுக்க. யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானித்தது கிளீவ்லாந்திலும் ஈஸ்ட் கிளீவ்லாந்திலும் வசிக்கும் சாதாரண மக்களின் குழு. உங்கள் ஊரிலும் இப்படி ஒன்று இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால், விண்ணப்பம் போடும் முன் அந்தக் குழுவில் உட்கார இடம் கேளுங்கள். ஒரு சுற்று மற்றவர்களின் விண்ணப்பங்களைப் படித்து வாக்களித்தவருக்கு, தன் விண்ணப்பத்தை எப்படி எழுதுவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.