வேலியோரத்தில் ஒரு பிரண்டைக் கொடி

பிரண்டை நட விதை தேடி அலைய வேண்டாம். இரண்டு மூன்று கணுக்கள் உள்ள முற்றிய துண்டு ஒன்று போதும். ஆனால் ஒடித்த கையோடு மண்ணில் செருகிவிடாதீர்கள். நிழலில் மூன்று நான்கு நாள் போட்டு வையுங்கள். வெட்டுவாயின் ஈரம் காய்ந்தபின், ஒரு கணுவாவது மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். வேர் கணுவிலிருந்துதான் வரும்.

நாற்பட்டைத் தண்டு நீரைச் சேமித்து வைத்திருப்பதால் வட இலங்கையின் வன்னி வெயிலை அது தாங்கும். மாரிதான் ஆபத்து. தாழ்ந்த மூலையில் நான் நட்ட அருமையான கொடி ஒன்று, கார்த்திகை மழையில் அடித்தண்டு கூழாகிப் போனது. இன்றும் மனம் ஆறவில்லை. இப்போது ஒரு சாண் உயரத்துக்கு மண் அணைத்து, மணல் கலந்து நடுகிறேன். கோடையில் மண் நன்றாகக் காய்ந்தபின் மட்டும் தண்ணீர்.

பக்கத்தில் வேலிக்கு நட்ட கிளுவைக் கதியால் (உயிர்க்கம்பு) இருந்தால் பந்தல் தேவையில்லை. கணுவில் இலைக்கு எதிரே கிளம்பும் பற்றுச்சுருளைப் பாருங்கள், திராட்சையில் இருப்பது போலவே இருக்கும். இரண்டும் ஒரே குடும்பம் அல்லவா!

துவையலுக்கு நுனியில் உள்ள இளந்தண்டை மட்டும் ஒடியுங்கள். வளைத்ததும் 'டக்' என்று முறிந்தால் பிஞ்சு. நார் இழுத்தால் விட்டுவிடுங்கள். கையில் நல்லெண்ணெய் பூசிக்கொண்டே நார் உரியுங்கள். பிரண்டையிலுள்ள கால்சியம் ஆக்சலேட் படிகங்கள்தான் அரிப்பைத் தருகின்றன. நன்றாக வதக்கி, பழப்புளி சேர்த்து அரைத்தால் நாக்கு அரிக்காது.