நம்பர் கிடைக்காத டிரான்சிஸ்டர்: பழைய ஆம்ப்பைச் சரிசெய்வது எப்படி?

1970களில் வந்த ஜப்பான் ஸ்டீரியோ ஆம்ப் ஒன்று ஆன் செய்ததும் ஃபியூஸைப் போக்குகிறதா, அல்லது ஒரு பக்கம் மட்டும் கரகரவென்று இரைகிறதா? அதில் உள்ள டிரான்சிஸ்டர் இப்போது வருவதே இல்லை என்று மெக்கானிக் கைவிரித்தாலும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். அதே நம்பர் தேவையில்லை, சர்க்யூட்டில் அது என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தால் போதும்.

முதலில் பிளக்கைப் பிடுங்கி, ஸ்பீக்கரையும் கழற்றிவிடுங்கள். ஃபில்டர் கண்டென்சரில் சார்ஜ் நிற்கும், அதனால் 100 ஓம் 5 வாட் ரெசிஸ்டரை அதன் முனைகளில் சில விநாடி வைத்து இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள்.

ஃபியூஸ் போகும் ஆம்ப்பில் பெரும்பாலும் அவுட்புட் டிரான்சிஸ்டரின், அதாவது ஸ்பீக்கரை ஓட்டும் பெரிய டிரான்சிஸ்டரின், கலெக்டரும் எமிட்டரும் ஷார்ட் ஆகியிருக்கும் (டிரான்சிஸ்டரின் மூன்று கால்களில் இரண்டு இவை, மூன்றாவது பேஸ்). அதை மட்டும் மாற்றினால் புதியதும் அதே நொடியில் போகும். அவுட்புட்டை இயக்கும் டிரைவர் டிரான்சிஸ்டர்கள், எமிட்டரில் இருக்கும் 0.33 அல்லது 0.47 ஓம் ரெசிஸ்டர்கள், பயாஸை (பாட்டு இல்லாதபோதும் அவுட்புட்டில் ஓடும் சிறு கரன்ட்டை) நிலைநிறுத்தும் பயாஸ் டயோடு எல்லாவற்றையும் பாருங்கள். எஸ்டிவி-3எச் மாதிரியான பழைய பயாஸ் டயோடு ஓபன் ஆனால் (உள்ளே அறுந்துபோனால்) பயாஸ் எகிறி அவுட்புட்டை எரித்துவிடும். அதற்குப் பதில் மூன்று 1என்4148ஐத் தொடராகக் கோத்து, பழையது ஒட்டியிருந்த அதே இடத்தில் ஒட்டலாம்.

டிஓ-3 எனும் பெரிய உலோக உடம்புள்ள அவுட்புட் டிரான்சிஸ்டருக்கு மாற்று, என்பிஎன் வகை என்றால் எம்ஜே15003, எதிர்த் துருவமுள்ள பிஎன்பி ஜோடி எம்ஜே15004. 140 வோல்ட், 20 ஆம்பியர் தாங்கும். ஆம்ப்பின் பிளஸ், மைனஸ் சப்ளை வோல்டேஜ் இரண்டையும் கூட்டினால் அந்த 140க்குள் அடங்க வேண்டும். வேகம் கூடுதலான புது ரகங்களைப் போட்டால் சில பழைய சர்க்யூட்கள் ஆசிலேட் ஆகிவிடும், அதாவது தானாகவே அலைவுகளை உண்டாக்கத் தொடங்கிவிடும். சில ஆம்ப்களில் இரண்டு அவுட்புட்டும் ஒரே என்பிஎன் நம்பராக இருக்கும், அங்கே பிஎன்பி போட்டுவிடாதீர்கள். அடிமாட்டு விலைக்குக் கிடைப்பது அநேகமாகப் போலி. டிஓ-3யின் உடம்பே கலெக்டர் என்பதால் மைக்கா தகடும் வெப்பம் கடத்தும் பேஸ்ட்டும் வைத்து மாட்டி, ஹீட்சிங்கோடு ஷார்ட் இல்லை என்று மீட்டரில் உறுதி செய்யுங்கள்.

கரகரப்புக்கு முதல் சந்தேகம் சின்ன டிரான்சிஸ்டர்கள் மேல்தான். உடம்பில் சி458 என்று மட்டும் அச்சிட்டிருக்கும், 2எஸ்சி458 என்பதன் சுருக்கம் அது. கால்கள் பல நேரம் கன்னங்கரேலென்று கருத்திருக்கும். கேஎஸ்சி1845 அருமையான மாற்று, கால் வரிசையும் அதே எமிட்டர், கலெக்டர், பேஸ். அதேபோல் பிஎன்பி வகையான 2எஸ்ஏ726க்கு மாற்று கேஎஸ்ஏ992. 2என்5551 போடுவதானால் நடுக்கால் பேஸ் என்பதை மறக்காமல் காலை மாற்றி வளைக்க வேண்டும்.

ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் உள்ள ஆம்ப்பில் சிலிக்கானை நேராகப் போடக் கூடாது. அங்கே பேஸ் வோல்டேஜ் 0.2 அளவுதான், சிலிக்கானுக்கு 0.6 வேண்டும்.

சரி, இனி ஆன் செய்யலாம். பயாஸ் பிரீசெட்டை (திருகி அளவு மாற்றும் சிறு ரெசிஸ்டரை) பயாஸ் மிகக் குறையும் பக்கம் திருப்பி, மெயின்ஸில் 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் போடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து உடனே மங்கினால் நல்லது, எரிந்துகொண்டே இருந்தால் இன்னும் எங்கேயோ ஷார்ட் இருக்கிறது, உடனே அணைத்துவிடுங்கள். ஸ்பீக்கர் முனையில் டிசி 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் பல்பை எடுத்துவிட்டு பயாஸ் வையுங்கள். 0.47 ஓம் ரெசிஸ்டரில் 10 மில்லிவோல்ட் என்றால் சுமார் 21 மில்லிஆம்பியர். அளவை சர்வீஸ் மேனுவல்படி வைத்து, கால் மணி நேரம் சூடான பிறகு மறுபடி திருத்துங்கள். அப்புறம் முதலில் ஒரு பழைய ஸ்பீக்கரை மாட்டிக் கேளுங்கள்.