நேர்காணலுக்கு முன்பே நழுவும் வேலை

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பாடாங் செராய், லூனாஸ் வட்டாரத்தில் பொழுது விடியுமுன்பே தொழிற்சாலை பஸ்கள் ஓடத் தொடங்கிவிடும். கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்ட பிறகு, பால்மரத்தையும் செம்பனையையும் நம்பியிருந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் மின்னணுத் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டார்கள். இருந்தும் இரண்டு புலம்பல்கள் ஓயவில்லை. "வேலையே கிடைக்கவில்லை" என்கிறார்கள் ஒட்டுக்கடையில். "ஆளே கிடைக்கவில்லை" என்கிறார்கள் மனிதவளப் பிரிவில். இரு பக்கமும் பழக்கமுள்ளவன் என்ற முறையில் சொல்கிறேன்: நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை கைவிட்டுப் போவது பெரும்பாலும் நேர்காணல் அறைக்குள் நுழைவதற்கு முன்பே.

ஆள் எடுக்கும் அலுவலரின் மேசையில் கிடக்கும் பெயர்ப்பட்டியலைப் பாருங்கள். பெயர்களுக்கு எதிரே பேனாவால் கிறுக்கியிருக்கும்: "எடுக்கவில்லை", "எண் பயன்பாட்டில் இல்லை", "வருவதாகச் சொன்னார், வரவில்லை". முதல் இரண்டுக்கும் காரணம் புரிகிறது. பணம் போடாத ப்ரீபெய்ட் எண் செத்துவிடுகிறது. தெரியாத எண்ணை எடுத்தால் மோசடிக்காரனாக இருப்பானோ என்ற பயம், அது நியாயமான பயமும்கூட. ஆனால் விண்ணப்பம் போட்டிருக்கும் வாரங்களில் அந்தப் பயத்தைச் சற்றுத் தளர்த்தித்தான் ஆகவேண்டும். தவறிய அழைப்பைப் பார்த்தவுடன், "இன்னார் பேசுகிறேன், வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன், அழைத்தீர்களா?" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புங்கள். ரெஸ்யூமில் அக்காவின் எண்ணையோ மாமாவின் எண்ணையோ இரண்டாவதாக எழுதுங்கள்; எழுதியதை அவர்களிடம் சொல்லியும் வையுங்கள். சொல்லாமல் எழுதினால், "அப்படி யாரும் இங்கே இல்லை" என்று மாமாவே துண்டித்துவிடுவார்.

மூன்றாவது குறிப்புதான் ஆளெடுப்பவரை உண்மையிலேயே நோகடிப்பது. உங்களுக்காக ஓர் இடத்தை நிறுத்தி வைத்து, பஸ்ஸில் இருக்கை சொல்லி, சீருடை அளவும் வாங்கிவிட்டார். திங்கட்கிழமை காலை நீங்கள் இல்லை, தொலைபேசியும் அணைந்திருக்கிறது. மேற்பார்வையாளரிடம் திட்டு வாங்குவது அவர்தான். மறுத்தால் மரியாதைக் குறைவு என்று நினைத்து மௌனமாகிவிடுகிறோம். "அண்ணே, வேறு இடத்தில் கிடைத்துவிட்டது, மன்னிக்கவும்" என்று முந்தின நாள் சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஒரே தொழிற்பேட்டைக்குள் மனிதவளப் பிரிவினர் நிறுவனம் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். அடுத்த கதவைத் தட்டும்போது அங்கேயும் அவரே உட்கார்ந்திருக்கக்கூடும்.

அடுத்தது போக்குவரத்து. "எப்படி வருவீர்கள்?" என்ற கேள்விக்கு "பார்த்துக்கொள்ளலாம்" என்ற பதிலைவிட ஆபத்தான பதில் கிடையாது. தொழிற்சாலை பஸ் பெரிய சாலையோடு நின்றுவிடும். தோட்டத்து வீட்டு வரிசையான லயத்துக்கு அங்கிருந்து செம்மண் பாதை, விளக்கும் இல்லை. இரவு ஷிப்ட் முடித்து வரும் பெண்ணை யார் அழைத்துப் போவது? மழைக்காலத்தில் மோட்டார் சைக்கிள் போகுமா? இதையெல்லாம் வீட்டில் பேசித் தீர்க்காமல் சேர்ந்தவர்கள்தான் சில வாரங்களிலேயே நின்றுவிடுகிறார்கள். பஸ் எங்கே நிற்கும், எத்தனை மணிக்கு என்று நீங்களே முதலில் கேட்டால், இந்த ஆள் நிலைப்பார் என்று ஆளெடுப்பவருக்குத் தோன்றும்.

சம்பளத்தைக் கேட்கக் கூச்சப்படுவதும் தவறுதான். "2,800 ரிங்கிட் வரை சம்பாதிக்கலாம்" என்ற விளம்பரத்தில் கவனிக்க வேண்டிய சொல் 'வரை'. குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் 1,700 ரிங்கிட். அதை 26ஆல் வகுத்து, எட்டு மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 8 ரிங்கிட் 17 சென். சாதாரண நாளில் மிகைநேரத்துக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 12 ரிங்கிட் 26 சென். படிகள் ஏதும் இல்லையென்றால், மீதி 1,100 ரிங்கிட்டைப் பிடிக்க மாதம் ஏறக்குறைய 90 மணி நேரம் கூடுதலாக உழைக்க வேண்டும். சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பே மாதம் 104 மணி நேரம்தான். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: "அடிப்படைச் சம்பளம் எவ்வளவு?"

ரெஸ்யூம் பற்றியும் சொல்ல வேண்டும். நகல் எடுக்கும் கடையில் ஒரே அச்சில் வார்த்தவை வருகின்றன. எல்லாருக்கும் பொழுதுபோக்கு புத்தகம் வாசிப்பது. ஆனால் பள்ளி விடுமுறையில் அப்பாவோடு போய்ச் செம்பனைக் குலைகளை எண்ணிக் கணக்கெழுதியதையோ, உரம் போட்டதையோ, டிராக்டர் ஓட்டியதையோ எழுத மாட்டார்கள். தோட்ட வேலை என்றால் வெட்கம். வெயிலில் நின்று கணக்குத் தவறாமல் எழுதத் தெரிந்தவரைத்தான் தரச்சோதனைப் பிரிவு தேடிக்கொண்டிருக்கிறது! ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம் முடிவு சுமாராக இருந்தால் மறைக்க வேண்டாம், எப்படியும் சான்றிதழைக் கேட்பார்கள். மலேசியத் திறன் சான்றிதழான எஸ்கேஎம் இருந்தால் அதை முதல் பக்கத்தின் மேலேயே போடுங்கள்.

பணம் கட்டினால் வேலை என்பவரிடம் நின்று பேசாதீர்கள். தனியார் வேலை முகவருக்குத் தொழிலாளர் இலாகாவின் உரிமம் வேண்டும். இல்லாவிட்டால் அவர் முகவரே அல்ல. சம்பளம் போட என்று உங்கள் வங்கி அட்டையையும் ரகசிய எண்ணையும் எந்த முதலாளியும் கேட்க மாட்டார். அப்படிக் கொடுத்தவர்களின் கணக்குகள் மோசடிப் பணம் கைமாறப் பயன்பட்டு, வழக்கு கணக்குக்காரர் மேல் வந்திருக்கிறது. பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனே தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 எண்ணுக்கு அழையுங்கள். அடையாள அட்டை நகல் கொடுக்கும்போது, "வேலை விண்ணப்பத்துக்கு மட்டும்" என்று குறுக்கே எழுதுங்கள். வெளிநாட்டில் தொலைபேசியில் பேசும் வேலை, கைநிறையச் சம்பளம், விமான டிக்கெட் இலவசம் என்றால், கம்போடியா, மியன்மார் மோசடி முகாம்களில் மலேசியர்கள் அகப்பட்ட செய்திகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆளெடுப்பவர்கள் மேலும் பழி உண்டு. இயந்திரம் இயக்கும் வேலைக்குச் சீன மொழியான மாண்டரின் எதற்கு? தேவையில்லாமல் அதைப் போட்டு வாசலிலேயே பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஆள் பஞ்சம் என்று பேசுவது சரியா? ஷிப்ட் நேரத்தை மறைப்பார்கள், முடிவையும் சொல்ல மாட்டார்கள். அவர்கள் ஒரு பதிலும் அனுப்பாமல் இருந்துவிட்டு, பிள்ளைகள் மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது எடுபடாது.

வேலை கிடைத்துவிட்டால், முதல் சம்பளச் சீட்டை மடித்து வைக்குமுன் படியுங்கள். 1,700 ரிங்கிட் அடிப்படைச் சம்பளத்துக்கு ஊழியர் சேமநிதிக்காக உங்களிடம் பிடிப்பது 11 விழுக்காடு, 187 ரிங்கிட். முதலாளி தன் பங்காக 13 விழுக்காடு, 221 ரிங்கிட் கட்ட வேண்டும். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்கான பிடித்தம் தனி. சீட்டில் பிடித்தம் இருந்து, சேமநிதிக் கணக்கில் பணம் ஏறாமல் இருந்தால், மனிதவளப் பிரிவிடம் அந்த மாதமே கேளுங்கள். அங்கே மழுப்பினால் நேரே சேமநிதி வாரியத்தில் புகார் செய்யலாம்.