பழைய செயின்சாவை ஓடவைப்போம்: புதிதாகத் தொடங்குவோருக்கு

வடசென்னையில் வியாசர்பாடி மரவாடிகளின் பின்கட்டிலும், காசிமேட்டில் படகுக் கட்டை அறுக்கும் இடங்களிலும், கொருக்குப்பேட்டைக் காயலான் கடைகளிலும் பழைய செயின்சா கண்ணில் படுவது உண்டு. 2016 டிசம்பரில் வர்தா புயல் சாய்த்த மரங்களை அறுத்து ஓய்ந்தவை சில. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தில் மூழ்கி, அப்படியே துருவேறியவை சில. எடைக்குப் போட்டால் கிடைப்பது சொற்பம் என்பதால் உரிமையாளர் விற்க அவசரப்படுவதில்லை; லேசான புது மிஷின் வந்துவிட்டதால் இதைத் தொடுவதும் இல்லை.

இவற்றில் பல இன்னும் ஓடக்கூடியவை. கழற்றிச் சரிசெய்ய வேண்டும் என்றே கட்டப்பட்டவை: உலோக உடல், சாதாரணத் திருகுகள், கையால் சரிசெய்யக்கூடிய பற்றவைப்பு. வேலையை எந்த வரிசையில் செய்வது என்பதுதான் முக்கியம். முதலில் நோயைக் கண்டுபிடிப்பது, பிறகு ஓடவைப்பது, கடைசியில் அழகுபடுத்துவது. இதைத் தலைகீழாகச் செய்பவர்கள் பெயின்ட் பளபளக்கும் ஓடாத மிஷின் ஒன்றை அலமாரியில் வைத்திருப்பார்கள்.

எதை வாங்கலாம்?

நம் பக்கத்தில் நான் அதிகம் பார்த்தது ஜெர்மனியின் ஸ்டில் நிறுவனம் செய்த 070. அந்த நிறுவனம் 1959இல் கொண்டுவந்த 'கான்ட்ரா' மாடலின் வழியில், 1960களின் பிற்பகுதியில் வந்தது. சிலிண்டர் விட்டம் 58 மி.மீ., ஸ்ட்ரோக் 40 மி.மீ., கொள்ளளவு ஏறக்குறைய 106 சி.சி. பார் (சங்கிலி சுற்றி ஓடும் நீண்ட தகடு) மாட்டாமலேயே பத்துக் கிலோவைத் தாண்டும். புதிதாகத் தொடங்குபவருக்கு இதையே சொல்வேன். சீனத் தயாரிப்பாகவே இதற்கு ரிங் முதல் கார்புரேட்டர் வரை உதிரிபாகங்கள் வருகின்றன. தரம் முன்பின் இருக்கும், ஆனால் கிடைக்கும். ஹோம்லைட், மெக்கல்லக் போன்ற அமெரிக்க மிஷின்கள் கையில் சிக்கினால் விடாதீர்கள்; ஆனால் உதிரிபாகத்துக்கு அலைய வேண்டியிருக்கும் என்பதால் அது இரண்டாவது மிஷினாக இருக்கட்டும்.

சீன நகல் 070க்கும் அசலுக்கும் வித்தியாசம் தெரியாமல் பணம் கொடுக்க வேண்டாம். வார்ப்பின் உள்பக்க எழுத்துகள், திருகுகளின் தரம், கைப்பிடியின் தேய்மானம் ஆகியவற்றைப் பழகிய ஒருவரைக் கூட்டிப்போய்ப் பாருங்கள்.

கூட ஆள் வேண்டும்

செயின்சா எஞ்சின் ஒரு சின்ன டூ ஸ்ட்ரோக். அதை அறிந்த கைகளுக்கு வடசென்னையில் பஞ்சமில்லை. காசிமேட்டில் படகு அவுட்போர்டு எஞ்சின் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக் காலத்திலிருந்து கார்புரேட்டர் துடைத்துவரும் தண்டையார்பேட்டை மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். 1955 முதல் என்ஃபீல்டு தொழிற்சாலை இயங்கிய திருவொற்றியூர்ப் பக்கம் லேத் பட்டறைக்குக் குறைவே இல்லை. எங்கள் கூட்டமும் இப்படிச் சேர்ந்ததுதான். ஞாயிறு காலை ஒரு லேத் பட்டறை வாசலில் ஆளுக்கொரு மிஷினோடு உட்காருவோம். ஒருவருக்குப் பற்றவைப்பு அத்துப்படி, இன்னொருவருக்கு அரம் பிடிப்பதில் கை சுத்தம். சக்கரத்தை இழுத்துக் கழற்றும் ஒரே புல்லர், சிலிண்டர் அழுத்தம் பார்க்கும் ஒரே கம்ப்ரஷன் கேஜ் எல்லோருக்கும் சுற்றிவரும்.

ஒரு விஷயத்தில் மட்டும் பைக் மெக்கானிக் அண்ணனின் வழக்கமான யோசனையை அன்போடு மறுத்துவிடுங்கள். சிலிண்டரில் கீறல் கண்டதும் "ரீபோர் போட்டுவிடலாம், தம்பி" என்பார், அதாவது உள்சுவரைக் கடைந்து பெரிதாக்குவது. ஆர்.எக்ஸ். சிலிண்டரில் இரும்பு லைனர் இருக்கிறது, அதற்கு அது சரி. பெரும்பாலான செயின்சாக்களில் அலுமினிய சிலிண்டரின் உள்சுவரில் மெல்லிய குரோம் பூச்சு மட்டுமே உண்டு. ரீபோர் போட்டால் அந்தப் பூச்சு போய்விடும், சிலிண்டரும் அதோடு போய்விடும்.

முதல் படி: கழற்றாமல் மூன்று சோதனைகள்

வெள்ளத்தில் கிடந்த மிஷின் என்றால் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுக்கவே வேண்டாம். பிளக்கைக் கழற்றி, மிஷினைக் கவிழ்த்து, உள்ளே இருக்கும் தண்ணீரை வடியவிடுங்கள். பிறகு கொஞ்சம் டீசல் ஊற்றி, கயிற்றை மெதுவாக இழுத்துச் சுற்றி, அதையும் வடித்துவிடுங்கள். சுற்றும்போது கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங் போய்விட்டது. முழுவதும் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

மற்றவற்றுக்கு முதலில் கம்ப்ரஷன். ஸ்டார்ட்டர் கைப்பிடியைப் பிடித்து மிஷினைத் தரையிலிருந்து சற்றே தூக்குங்கள். டீகம்ப்ரஷன் வால்வு (கயிற்றை எளிதாக இழுக்க அழுத்தத்தை வெளியே விடுவது) இருந்தால் அது மூடியிருக்க வேண்டும். மிஷின் தன் எடையில் விட்டுவிட்டு, தயங்கித் தயங்கி இறங்கினால் நல்லது. சரசரவென்று கீழே வந்துவிட்டால் ரிங் அல்லது பிஸ்டனில் கோளாறு. கேஜ் இருந்தால் 120 பி.எஸ்.ஐ.க்கு மேல் காட்ட வேண்டும். 90க்குக் கீழே போனால் ஓடுவது சிரமம்.

அடுத்தது தீப்பொறி. பெட்ரோல் வாடை இல்லாத இடத்தில், பிளக்கின் உலோகப் பகுதியைச் சிலிண்டரில் அழுத்திக் கயிற்றை இழுங்கள். பொறி வராவிட்டால் காயிலைக் குறை சொல்வதற்கு முன் ஸ்டாப் ஸ்விட்ச் ஒயரைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். தோல் உரிந்த அந்த ஒரு ஒயர் உடலில் பட்டுக்கொண்டிருப்பது மிகச் சாதாரணமாக நடப்பது.

மூன்றாவது எரிபொருள். பிளக் துளையில் ஆயில் கலந்த பெட்ரோலைச் சில சொட்டு விட்டு, பிளக்கை மாட்டி இழுங்கள். ஓரிரு விநாடி உறுமி அணைந்தால் மகிழ்ச்சி அடையுங்கள்: எஞ்சினில் உயிர் இருக்கிறது, கோளாறு டாங்கிக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில்தான்.

இரண்டாம் படி: சைலன்ஸர் வழியாகப் பார்வை

சைலன்ஸரைக் கழற்றினால் வெளியேற்றுத் துளை வழியே பிஸ்டன் தெரியும். டார்ச் அடித்து, ஸ்டார்ட்டர் மூடிக்குள் இருக்கும் மேக்னட் சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்பிப் பாருங்கள். பிஸ்டன் பக்கவாட்டில் மங்கிய சாம்பல் நிறமும் தயாரிப்பின்போதே விழுந்த லேசான கோடுகளும் இருந்தால் கவலை வேண்டாம். மேலிருந்து கீழாக ஆழக் கீறி, அலுமினியம் பூசினாற்போல் பளிச்சிட்டால் ஆயில் இல்லாமலோ காற்று கசிந்தோ பிடித்த எஞ்சின் அது. சிலிண்டரைக் கழற்றி, பிஸ்டனையும் ரிங்கையும் மாற்ற வேண்டும். புது ரிங் மாட்டும்போது அதன் இரு முனைகளும் பிஸ்டன் பள்ளத்தில் இருக்கும் சிறு ஊசியின் இருபுறமும் உட்கார வேண்டும். பிஸ்டன் தலையில் அம்புக்குறி இருந்தால் அது சைலன்ஸர் பக்கம் பார்க்க வேண்டும்.

கிளட்ச் கழற்றும்போது பிஸ்டனை நிறுத்த ஸ்க்ரூ டிரைவரைத் திணிக்காதீர்கள். பிளக் துளை வழியாக நைலான் கயிற்றை முடிந்தவரை உள்ளே விட்டால் போதும். பல மாடல்களில் கிளட்ச் இடப்புற மரை (வழக்கத்துக்கு எதிர்த்திசையில் கழல்வது) என்பதால், அதன் மேல் அம்புக்குறி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஸ்பானரை வையுங்கள்.

மூன்றாம் படி: சுத்தம் செய்தல், உப்புக்காற்றை நினைவில் வைத்து

ராயபுரம், காசிமேடு காற்றில் உப்பு உண்டு. பழைய செயின்சாவின் உடல் பெரும்பாலும் மக்னீசியக் கலவை. உப்பு பட்டால் அதில் வெள்ளைப் பொடி பூக்கும். துருப்பிடித்த இரும்புக்கு வினிகர் நல்ல மருந்து. மக்னீசியத்தை அதில் போட்டால் நுரைத்துக்கொண்டு கரைந்துபோகும். எனவே உடல் பாகங்களுக்கு மண்ணெண்ணெய், பழைய பல் துலக்கும் பிரஷ், மெல்லிய உப்புத்தாள் மட்டும். தேய்க்கும்போது உதிரும் மக்னீசியத் துகள் எளிதில் தீப்பற்றும், தண்ணீர் ஊற்றினால் இன்னும் கொழுந்துவிடும். பக்கத்தில் ஒரு வாளி உலர்ந்த மணல் இருக்கட்டும்.

நான்காம் படி: பிளாட்டினம் பாயிண்ட்

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. ஸ்டார்ட்டர் மூடியைக் கழற்றினால் மேக்னட் சக்கரம். அதைப் புல்லர் போட்டுத்தான் எடுக்க வேண்டும். விசிறி இறக்கைகளில் நெம்பினால் உடையும். அடியில் இரண்டு சிறு உலோகப் பொட்டுகள் முகத்தோடு முகம் வைத்து உட்கார்ந்திருக்கும். இவைதான் பாயிண்ட்; இவை விலகும் நொடியில்தான் பிளக்கில் பொறி வரும். ஆண்டுக்கணக்கில் கிடந்த மிஷினில் அவற்றின் மேல் சாம்பல் படலம் படிந்திருக்கும், ஒன்றில் குழியும் எதிரில் மேடும் இருக்கும். மெல்லிய பாயிண்ட் அரத்தால் மேட்டைச் சமப்படுத்துங்கள். பிறகு வெள்ளை அட்டைத் துண்டைப் பெட்ரோலில் நனைத்து இரண்டுக்கும் நடுவே இழுங்கள். அட்டையில் கறுப்புக் கோடு விழும். கோடு விழாமல் அட்டை வெள்ளையாகவே வெளிவரும்வரை இழுக்க வேண்டும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலமே பொறியைத் தடுத்துவிடும். இடைவெளியை ஃபீலர் கேஜால் (தடிமன் பொறித்த மெல்லிய தகடுகள்) 0.35 மி.மீ. அளவுக்கு வையுங்கள். பிளக் இடைவெளி 0.5 மி.மீ.

ஐந்தாம் படி: கார்புரேட்டர்

செயின்சாவை எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஓட வேண்டும் என்பதால் இதில் மிதவை இல்லை. டயஃப்ரம் எனும் மெல்லிய ரப்பர் தகடு எரிபொருளை உறிஞ்சித் தருகிறது. இவற்றில் வழக்கமாக வரும் டில்லட்சன் நிறுவனக் கார்புரேட்டரின் மூடியைத் திறந்து அதைத் தொட்டுப் பாருங்கள். மென்மையாக மடங்கினால் சரி. அப்பளம் போல மொறுமொறுத்தால் தூக்கிப் போடுங்கள். கிட் வாங்கி டயஃப்ரம், கேஸ்கட், ஊசி மூன்றையும் சேர்த்து மாற்றுவது நல்லது. ஊசியைத் தாங்கும் சின்ன நெம்புகோல் அறையின் தரையோடு சமமாக இருக்க வேண்டும். டாங்கிக்குள் இருக்கும் ரப்பர் டியூபையும் ஃபில்டரையும் கையோடு மாற்றிவிடுங்கள். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது பழைய ரப்பரைக் கெடுக்கும், ஈரத்தையும் இழுக்கும்.

ஆறாம் படி: கசிவுச் சோதனை

பலரும் தாண்டிவிடுகிற படி. சுழலும் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையமான ஆயில் சீல் வழியாகக் காற்று புகுந்தால் கலவை வறண்டு (காற்று கூடி, பெட்ரோல் குறைந்து), புது பிஸ்டனும் எரிந்துவிடும். இன்லெட், வெளியேற்று வாய் இரண்டையும் ரப்பர் ஷீட் வைத்து அடைத்து, பிளக்கை இறுக்கி, டயஃப்ரத்துக்கு அழுத்தம் போகும் சிறு துளை வழியாகக் காற்று ஏற்றுங்கள். இதற்கு நாங்கள் பயன்படுத்துவது பழைய ரத்த அழுத்தமானி. அதன் ரப்பர் குமிழை அழுத்தி முள்ளை 300க்குக் கொண்டுவந்தால் ஏறக்குறைய 0.4 பார் அழுத்தம். முள் அசையாமல் நின்றால் மிஷின் கெட்டி. இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், குமிழி வரும் இடமே ஓட்டை.

சீல், பேரிங் வாங்க நிறுவனப் பெட்டியைத் தேட வேண்டியதில்லை. அளவு அதன் மேலேயே பொறித்திருக்கும். 6203 என்றால் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மி.மீ. உங்கள் மிஷினில் இருக்கும் எண்ணைப் பாரிமுனைக் கடைகளில் சொன்னால் எடுத்துத் தருவார்கள். பேரிங்கில் சி3 வகையை (உள்ளே சற்றுக் கூடுதல் இடைவெளி விட்டது) கேளுங்கள். கேஸ்கட்டுக்குப் பேக்கிங் ஷீட் வாங்கி, சிலிண்டர் விளிம்பில் வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டினால் விளிம்பே தாளை வெட்டிக் கொடுக்கும். பழைய கேஸ்கட்டின் தடிமன் மாறக் கூடாது.

ஏழாம் படி: சங்கிலி

இன்று நாம் பயன்படுத்தும் சில்லு சீவும் சங்கிலி 1947இல் ஜோசப் காக்ஸ் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மரத்தைக் குடைந்து தின்னும் வண்டுப் புழுவின் தாடையைப் பார்த்து அவர் வடிவமைத்தது. 070இல் வழக்கமாக வரும் .404 அங்குல பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி அளவு) சங்கிலிக்கு 5.5 மி.மீ. உருண்டை அரம், 30 பாகைக் கோணம். உள்ளிருந்து வெளியே மட்டும் தள்ளுங்கள். எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை. ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் இருக்கும் ஆழமானி (பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று கட்டுப்படுத்தும் மேடு) பல்லைவிட 0.8 மி.மீ. தாழ்ந்திருக்கட்டும். கூர்மை சரியா என்று மரமே சொல்லும்: நீளச் சில்லு பறந்தால் சரி, மாவாகக் கொட்டினால் மறுபடி அரம்.

எட்டாம் படி: ஸ்டார்ட்

பழைய கையேடுகள் சொல்லும் 25க்கு 1 கலவையையே வைத்துக்கொள்ளுங்கள்: லிட்டருக்கு 40 மி.லி. டூ ஸ்ட்ரோக் ஆயில். கார்புரேட்டரில் எரிபொருளின் அளவைச் சரிசெய்யும் எச் (வேகமாக ஓடும்போது), எல் (மெதுவாக ஓடும்போது) திருகுகள் இரண்டையும் மெதுவாக மூடி, ஒரு சுற்றுத் திறங்கள். சூடேறியதும் முழு த்ராட்டில் கொடுத்துக் கேளுங்கள். மரம் தொடாதபோது சற்றே தடுமாறிக் குழறும் சத்தம் வர வேண்டும். பார் மரத்தில் இறங்கியதும் அந்தக் குழறல் தெளிந்து ஒரே முழக்கமாக மாற வேண்டும். எடுத்த எடுப்பிலேயே கீச்சிட்டு அலறினால் கலவை வறண்டது, உடனே அணைத்து எச் திருகைத் திறங்கள்.

சேர்ந்து அறுக்கும் நாள்

மரவாடியில் கழிவுக் கட்டை கேட்டால் கொடுப்பார்கள். தூங்குமூஞ்சி மரத்தில் தொடங்குங்கள், வெண்ணெயாக இறங்கும். வேம்பும் சவுக்கும் பிறகு. தெருவோர மரத்தையோ பொது இடத்து மரத்தையோ அனுமதியின்றித் தொடக் கூடாது. கட்டையைத் தாங்கியில் ஏற்றி, வட்ட வட்டமாக ஒவ்வொருவரும் ஒரு துண்டு அறுப்போம். மிஷினை மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்ப்பதில்தான் கல்வி இருக்கிறது. ஒரே 070 மாடல் இரண்டு பேர் கையில் இரண்டு குரலில் பேசும். ஏன் என்று தேடினால் பாயிண்ட் இடைவெளியிலோ சைலன்ஸர் அடைப்பிலோ காரணம் கிடைக்கும்.

இந்தப் பழைய மிஷின்களில் செயின் பிரேக் இல்லை. பாரின் மேல்நுனி எதிலாவது பட்டால் மிஷின் முகத்தை நோக்கி எகிறும், நிறுத்த எதுவும் கிடையாது. அதனால் நுனியால் அறுப்பது எங்கள் கூட்டத்தில் தடை. சத்தம் 100 டெசிபலைத் தாண்டும் என்பதால் காதுக்கவசம் கட்டாயம். கைலியும் செருப்பும் அணிந்து வருபவர் பார்க்கலாம், பிடிக்கக் கூடாது. விரல் மரத்துப்போகும் அளவுக்கு அதிர்வதால் ஒருவர் தொடர்ந்து சில நிமிடங்களுக்கு மேல் ஓட்டுவதில்லை.

பெயின்ட் அடிப்பதாக இருந்தால் இந்தக் கட்டத்துக்குப் பிறகு. பழைய நிறம் ஓரளவு மிஞ்சியிருந்தால் அதை விட்டுவைப்பதே என் விருப்பம். அடித்தே ஆக வேண்டுமென்றால் மக்னீசியத்தில் சாதாரண எனாமல் உரிந்துவிடும். எபாக்ஸி பிரைமர் முதலில்.

வீட்டுக்குக் கொண்டுபோகும் முன் டாங்கியைக் காலி செய்து, கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். பிளக் துளையில் சிறிது டூ ஸ்ட்ரோக் ஆயில் விட்டு இரண்டு முறை மெதுவாக இழுத்து, சங்கிலியை எண்ணெய்த் துணியால் துடைத்து, மழைக்காலத்தில் தண்ணீர் ஏறாத உயரத்தில் வையுங்கள்.