மிச்சம் பிடித்த குளிசைகள்: வீட்டில் இறுதிக்காலப் பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் கொழும்பு, கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். புற்றுநோய் முற்றிய மூதாட்டி ஒருவர். அவரைப் பார்த்துக்கொள்ள ஹட்டன் பக்கத்திலிருந்து வந்து தங்கியிருக்கும் ஓர் இளம்பெண். கெட்டிக்காரி. படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. நோயாளியின் நகங்கள்கூடச் சீராக வெட்டப்பட்டிருந்தன. வலிக்கான மோர்பின் குளிசை எத்தனை மணிக்குக் கொடுக்கிறாய் என்று கேட்டேன். "அம்மா முனகினால் கொடுப்பேன், அக்கா. இல்லாவிட்டால் கொடுக்க மாட்டேன். பழகிவிடும் என்று ஐயா சொன்னார்" என்றாள்.

அவள்மேல் கோபம் வரவில்லை. 18 ஆண்டுகளுக்கு முன் அதே பதிலை நானும் சொல்லியிருக்கிறேன். அதுவும் தாதியாக வேலை பார்த்துக்கொண்டே.

கை கழுவுங்கள், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவையுங்கள் என்பதையெல்லாம் ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போதே சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வலி வந்த பிறகு கொடுப்பது

என் அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் நான்காம் மாடியில் இருந்தோம். நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு குளிசை என்று கிளினிக்கில் தெளிவாக எழுதித் தந்திருந்தார்கள். நான் சத்திரசிகிச்சை வாட்டில் வேலை செய்தவள், எனக்குத் தெரியாததா என்ற நினைப்பு. பாண் வெட்டும் பலகையில் வைத்துக் குளிசையைக் கத்தியால் பாதியாக்குவேன். மிச்சத்தைப் பால்மா டின்னுக்குள் போட்டு அலுமாரியின் மேல்தட்டில் வைப்பேன். "வலிக்கிறதா அப்பா?" என்று கேட்பேன். "பரவாயில்லை பிள்ளை" என்பார். முப்பது ஆண்டுகள் எழுதுவினைஞராக இருந்த மனிதர். யாருக்கும் தொந்தரவு கொடுக்காததுதான் அவருடைய பெருமை. அந்தப் பதிலை நம்பினேன். எனக்கு வசதியாக இருந்தபடியால் நம்பினேன்.

ஒருநாள் இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழும்பினேன். குசினி வெளிச்சம் அவருடைய அறைக்குள் ஒரு கீற்றாக விழுந்திருந்தது. அவர் முனகவில்லை. துவாயின் ஒரு முனையைப் பற்களுக்கிடையில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். போர்வைக்கு வெளியே தெரிந்த இரண்டு பாதங்களிலும் விரல்கள் உள்நோக்கி மடங்கியிருந்தன. ஓடிப்போய் ஒரு முழுக் குளிசை கொடுத்தேன். அது பிடிப்பதற்குள் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் போய்விட்டது.

கணக்கு இதுதான். சாதாரண மோர்பின் குளிசை வேலைசெய்யத் தொடங்க அரை மணித்தியாலமாவது வேண்டும். அதன் பலன் நான்கு மணித்தியாலம் அளவில் அடங்கிவிடும். வலி தலைதூக்கும்வரை காத்திருந்தால், ஒவ்வொரு வேளையும் நோயாளி முதலில் வேதனைப்பட்டு அதன் பிறகே மருந்தைப் பெறுகிறார். மூண்டுவிட்ட வலியை அடக்கக் கூடுதல் மருந்தும் தேவைப்படும். எனவே சிக்கனமும் இல்லை. இலண்டனில் 1967இல் சென்ற் கிறிஸ்தோபர்ஸ் என்ற இறுதிக்காலப் பராமரிப்பு இல்லத்தைத் தொடங்கிய வைத்தியர் சிசிலி சாண்டர்ஸ், முந்தைய வேளையின் பலன் தீருமுன்பே அடுத்ததைக் கொடுக்க வேண்டும் என்றுதான் வற்புறுத்தினார். உலக சுகாதார நிறுவனம் 1986இல் வெளியிட்ட புற்றுநோய் வலி வழிகாட்டியும் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்கச் சொல்கிறது. நாங்கள் நோயாளியின் முகத்தைப் பார்த்துக் கொடுக்கிறோம். எங்கள் ஆட்களின் முகம் பொய் சொல்லும்.

நடைமுறையில் காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6, இரவு 10. நள்ளிரவில் எழுப்பாமலிருக்க இரவு 10 மணிக்கு இரட்டை அளவு எழுதும் வைத்தியர்கள் உண்டு; எழுதியிருந்தால் மட்டும் அப்படிக் கொடுங்கள். இடையில் வலி குத்திக்கொண்டு வந்தால் கொடுக்க ஒரு மேலதிக அளவையும் கேட்டு வாங்கி, கொப்பியில் குறித்துவையுங்கள். மேலதிகமாகக் கொடுத்தாலும் அடுத்த வேளையைத் தள்ளிப்போடக் கூடாது.

பழகிவிடும் என்ற பயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இன்றுவரை எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். வலிக்காக அளந்து கொடுக்கும் மோர்பினால் ஒருவர் போதைக்கு அடிமையாவது மிக அரிது. திடீரென நிறுத்தினால் உடல் முரண்டு பிடிக்கும், உண்மை. அதற்காகத்தான் திடீரென நிறுத்தாதே என்கிறோம். தொடங்கிய முதல் இரண்டு மூன்று நாட்கள் அதிகம் தூங்குவார். பல வாரங்களாகத் தூங்காதவர் தூங்கட்டும். குமட்டலும் சில நாட்களில் அடங்கிவிடும். மலச்சிக்கல் மட்டும் அடங்காது. அதற்கான மருந்தையும் அதே நாளில் தொடங்க வேண்டும்.

கொட்டாஞ்சேனைப் பெண் கேட்ட ஒரு கேள்வி நல்ல கேள்வி: "தூங்கிக்கொண்டிருந்தால்?" எழுப்பினால் கண் விழிக்கிறார் என்றால் கொடு. எழுப்பியும் எழும்பாவிட்டால், மூச்சு மிகவும் மெதுவாகிவிட்டால், கைகால் துடித்துத் துடித்து வெட்டினால் கொடுக்காதே, வைத்தியரை அழை. சிறுநீரகம் தளர்ந்தவர்களின் உடலில் மருந்து தேங்கும்.

இன்னொன்று. இது தெருமுனைப் பாமசியில் நினைத்தவுடன் வாங்கக்கூடிய மருந்து அல்ல. வியாழக்கிழமையே எண்ணிப் பாருங்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் தீர்ந்து, திங்கட்கிழமை போயா விடுமுறையும் ஆகிவிட்டால், அந்த மூன்று நாட்களையும் கடக்கப்போகிறவர் கட்டிலில் இருப்பவர்.

அப்பாவின் எட்டுச் செலவு முடிந்தபின் பால்மா டின்னைத் திறந்தேன். 38 முழுக் குளிசைகள், 7 பாதிகள். மீந்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதால் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். வாங்கியவர் இரண்டு முறை எண்ணினார். பதிவேட்டில் எழுதினார். அப்பாவின் அட்டையில் இருந்த திகதியைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நீடித்து வேலைசெய்யும் குளிசையை இடித்துக் கொடுப்பது

12 மணித்தியாலத்துக்கான மருந்து ஒரேயடியாக உள்ளே இறங்கும். இடிக்கக் கூடாது.

ஊட்டியே தீருவது

எங்கள் வீடுகளில் அன்பு கஞ்சிக் கிண்ணத்தோடுதான் வரும். கடைசி நாட்களில் உடல் உணவைக் கேட்பதில்லை. விழுங்கும் சக்தியும் குறைந்துவிடும். கட்டாயப்படுத்தி ஊட்டிய கஞ்சி சுவாசக்குழாய்க்குள் போனால் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வரும். "ஒரு சேலைனாவது ஏற்றுங்கள்" என்பார்கள். ஏற்கத் திராணியற்ற உடலில் அந்த நீர் காலில் வீக்கமாகவும் நெஞ்சில் கரகரப்பாகவும்தான் நிற்கும். வாயை ஈரமாக வைத்திருங்கள், உதட்டில் கொஞ்சம் எண்ணெய் தடவுங்கள். வெள்ளவத்தையிலேயே இன்னொரு வீட்டில் ஒரு பேத்தி, பஞ்சை இளநீரில் தோய்த்துப் பிழிந்து பாட்டியின் நாக்கில் வைத்தாள். பாட்டி சப்புக்கொட்டினார். அன்றைய சாப்பாடு அவ்வளவுதான், போதும்.

நடுவில் ஓட்டையுள்ள ரப்பர் வளையம்

படுக்கைப் புண்ணுக்காக அடியில் வைப்பது இது. வேண்டாம். புண்ணைச் சுற்றியுள்ள இரத்த ஓட்டத்தை அதுவே நெரிக்கும்.

1990 அம்புலன்ஸை அழைப்பதா என்பதை அந்த நிமிடத்தில் தீர்மானிப்பது

தொண்டையில் கரகரப்பு, மூச்சு நின்று நின்று வருதல், முழங்காலில் நீலத் திட்டுகள். கடைசி நேரத்தில் இவை வரும் என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால், யாராவது ஒருவர் பதறிப்போய் அம்புலன்ஸை அழைத்துவிடுவார். அவர்கள் மேல் பிழை இல்லை. வந்தால் தங்கள் கடமையைச் செய்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். வீட்டில் போக விரும்பியவர் ரியூப் லைட்டின் கீழ் முன்பின் தெரியாதவர்கள் நடுவில் போவார். வீட்டாரோடும் வைத்தியரோடும் முன்பே பேசி முடிவெடுங்கள். நோயாளியைத் தொடர்ந்து பார்த்துவரும் வைத்தியர் ஒருவர் இருப்பதும் அவசியம். மரணத்தின் காரணத்தை எழுதித் தர ஆளில்லாவிட்டால் மலர்ச்சாலைக்கு அழைப்பதற்கு முன்பே சிக்கல் தொடங்கிவிடும்.

வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் மூடிமறைப்பது

தூரத்திலிருந்து கடைசி நேரத்தில் வந்து இறங்கி எல்லாவற்றையும் மாற்றச் சொல்லும் உறவினரை அமெரிக்க முதியோர் மருத்துவ இதழ் ஒன்று 1991இல் "கலிபோர்னியா மகள்" என்று எழுதியது. எங்களுடைய மகள் கனடாவின் ஸ்காபரோவிலிருந்து வருகிறாள், அவ்வளவுதான் வித்தியாசம். "அப்பா சுகமாக இருக்கிறார்" என்று ஆறு மாதம் தொலைபேசியில் சொல்லிவிட்டு, அவள் வந்து சத்தம் போடுகிறாள் என்று என்னிடம் முறையிட வேண்டாம்.

மின்சாரத்தை நம்புவது

2022 மின்வெட்டில், படுக்கைப் புண் வராமலிருக்க மின்சாரத்தில் காற்றடிக்கும் மெத்தைகள் ஒவ்வொன்றாகச் சப்பையாகின. தலையணைகளைக் கைவசம் வைத்திருங்கள். ஒரு பனையோலை விசிறியையும். முகத்தில் படும் காற்று மூச்சுத்திணறலைத் தணிக்கும்.

லிஃப்டை அளக்காமலிருப்பது

வெள்ளவத்தைத் தொடர்மாடிகள் பலவற்றில் ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குள் நீட்டாக நுழையாது. அப்பாவை நான்காம் மாடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, சேலையால் கட்டி, மூன்று பேர் படிகளில் இறக்கினார்கள். இரண்டாம் மாடியில் ஒருமுறை கீழே வைத்துக் கை மாற்றினார்கள்.