காக்கர் ஸ்பானியலின் எடையைக் குறைத்த என் அனுபவம்

எங்கள் ஆங்கில காக்கர் ஸ்பானியல் நாயின் எடை 17 கிலோவைத் தொட்டபோதும், அடர்ந்து தொங்கும் ரோமம் உடலை மறைத்திருந்ததால், அது வெறும் கொழுகொழுப்பு என்றே நான் நம்பிக்கொண்டிருந்தேன். 38 முதல் 41 செ.மீ. வரை உயரமுள்ள இவ்வினத்துக்கு ஏறக்குறைய 13 முதல் 14.5 கிலோ எடையே போதுமானது. ஒருநாள் குளிப்பாட்டும்போது நனைந்த விலாவைத் தடவிப் பார்த்தேன். விரலை அழுத்தினால்தான் எலும்பு தட்டுப்பட்டது. தைராய்டு குறைபாடு இல்லையென்று கால்நடை மருத்துவர் உறுதிப்படுத்திய பின், குவளையால் அள்ளிப் போடுவதை விட்டுவிட்டு, உணவைத் தராசில் கிராம் கணக்கில் நிறுத்துக் கொடுத்தேன். பயிற்சியின்போது தரும் தின்பண்டங்களையும் அதே கணக்கில் கழித்தேன். (அந்தக் கெஞ்சும் கண்களுக்கு மசியாமல் இருப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.) ஆறு மாதங்களில் எடை 14 கிலோவுக்கு இறங்கியது, இப்போது மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிகிறது.